கபிலிய நகைகளின் எனாமல் இடித்த பாசிமணித் தூளால் ஆனது என்பது எவ்வளவு உண்மை?

மரகதப்பச்சை எழுதியது:

வணக்கம். அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதியில், ஆத் யென்னி என்னும் ஊர்த்தொகுதியில் செய்யப்படும் வெள்ளி நகைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். (பிரெஞ்சு நூல்களில் பெனி யென்னி என்று வருவதும் இதே இடம்தான்.) நீலம், பச்சை, மஞ்சள் நிறங்களில் எனாமல் இட்டு, இடையிடையே சிவப்புப் பவளக் குமிழ்களைப் பதித்த உடை ஊசிகளையும் நெற்றி அணிகளையும் காற்காப்புகளையும் அருங்காட்சியகப் படங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இவற்றைப் பற்றிப் படிக்கும்போது ஒரு செய்தி அடிக்கடி எதிர்ப்படுகிறது. வெனிஸ் முதலிய ஐரோப்பிய நகரங்களிலிருந்து வணிகச் சரக்காக வந்த கண்ணாடிப் பாசிமணிகளை அங்குள்ள கொல்லர்கள் இடித்துத் தூளாக்கி, அந்தத் தூளையே வெள்ளியின் மேல் எனாமலாக உருக்கினார்கள் என்பதே அது. சிலர் இதைக் கபிலியாவைப் பற்றிச் சொல்கிறார்கள். வேறு சிலர் மொராக்கோவின் தென்மேற்கில் உள்ள ஆன்டி அட்லஸ் மலைப்பகுதியைப் பற்றிச் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே வரியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே தவிர, யாரும் விளக்குவதில்லை.

கோத்து அணிவதற்கென்றே செய்த மணியை எதற்காக இடிக்க வேண்டும்? பாசி வணிகம் நடந்திராவிட்டால் இந்த எனாமல் கலையே அங்கு தோன்றியிருக்காதா, அல்லது கலை ஏற்கெனவே இருந்து, பாசி அதற்கு மூலப்பொருளாக மட்டும் அமைந்ததா? இந்த நகைகளில் சிவப்பு எனாமலை அநேகமாகப் பார்க்க முடிவதில்லை என்பதற்கும் பாசிக்கும் தொடர்பு உண்டா? பட்டறை அனுபவம் உள்ளவர்கள், எந்தக் கண்ணாடித் தூளை இட்டாலும் வெள்ளியில் ஒட்டிவிடுமா என்பதையும் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தொழில்நுட்பத்தின் வரலாறும் மூலப்பொருளின் வரலாறும் உங்கள் கேள்வியில் பின்னிக் கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பாசிமணி இந்தக் கலையைத் தோற்றுவிக்கவில்லை, ஆனால் அதற்கு நிறம் கொடுத்தது என்பதே என் துணிபு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தொழில்நுட்பம். கபிலியக் கொல்லர் வெள்ளித் தகட்டின் மேல் மெல்லிய முறுக்குக் கம்பியை வேண்டிய வடிவத்தில் வளைத்துப் பற்றவைக்கிறார். அந்தக் கம்பிகளுக்கு இடையே உண்டாகும் சிறு அறைகளில் வண்ணக் கண்ணாடித் தூளை நிரப்பிச் சுடுகிறார். கம்பியால் அறை கட்டி எனாமல் இடும் இந்த முறை கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் அரசர்களின் காலத்தில் முஸ்லிம் ஸ்பெயினில் உயர்ந்த நிலையில் இருந்தது. கடைசி அரசரான போவப்திலின் வாளின் கைப்பிடியில் அதைக் காணலாம்; அக்காலப் பொன் கழுத்தணி ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. 1492இல் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டு யூதர்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1609 முதல் 1614 வரை, மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களும் வெளியேற்றப்பட்டார்கள். இவர்களில் பலர் கடல் கடந்து வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இறங்கினார்கள். கபிலிய நகைகளை விரிவாக ஆராய்ந்து 1970இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்ரியெத் காம்ப்ஸ்-ஃபாப்ரெர், எனாமல் கலை இந்த ஆந்தலூசிய அகதிகளோடு, பெரும்பாலும் கபிலியக் கரையிலுள்ள பெஜாயா துறைமுகம் வழியாக, மலைக்குள் ஏறியது என்று கருதினார். பெஜாயாவை 1510இல் ஸ்பானியர் கைப்பற்றி 1555 வரை வைத்திருந்தனர் என்பதை நினைவில் வைத்தால், நகரத்துக் கைவினைஞர்கள் உள்நாட்டு மலைகளுக்கு நகர்ந்ததற்கான காரணமும் புலப்படும்.

இந்தக் கருத்துக்கு வலுச்சேர்ப்பது எனாமல் பரவியிருக்கும் விதம். அது வட ஆப்பிரிக்கா முழுவதும் பரவிக் கிடக்கவில்லை. கபிலியா, துனீசியாவின் மொக்னின், மொராக்கோவின் ஆன்டி அட்லஸ் என்று சில இடங்களில் மட்டும் தீவுகளைப் போல நிற்கிறது. மொக்னினிலும் ஆன்டி அட்லஸிலும் யூதப் பொற்கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்திருக்கிறார்கள். கபிலியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஔரெஸ் மலையின் நகைகளிலோ எனாமலுக்கு முதன்மை இல்லை.

இப்போது பாசிமணிகளின் பரவலைப் பாருங்கள். சகாரா வழியாகச் சென்ற கண்ணாடி மணி வணிகம் வெனிஸ் மணிகளுக்கும் முந்தியது. 1352இல் பாலைவனத்தைக் கடந்து மாலிப் பேரரசுக்குச் சென்ற இப்னு பதூதா, அந்த வழியில் பயணம் செய்பவர் உணவோ பணமோ எடுத்துச் செல்ல வேண்டியதில்லை என்றும், உப்புத் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் சில வாசனைப் பொருள்களும் இருந்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறார். பின்னாளில் வெனிஸ் மணிகளும், 19ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) அச்சுமணிகளும் அதே வழிகளில் பெருமளவில் சென்றன. பாசிமணி வந்தாலே எனாமல் பிறக்கும் என்றால், அந்த வணிகப் பாதைகளிலேயே வாழ்ந்த துவாரெக் மக்களிடம்தான் மிகச் சிறந்த எனாமல் இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய வெள்ளி வேலையோ செதுக்கு வேலை. எனாமல் அதில் இல்லை. அவர்கள் கண்ணாடியை விரும்பவில்லை என்பதல்ல காரணம். தல்ஹகிம்த் என்ற முக்கோண வடிவப் பதக்கத்துக்கு ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில் அறுத்த அகேட் கல்லையும் பொஹீமியாவில் வார்த்த கண்ணாடியையும் வாங்கி அணிந்தவர்கள் அவர்கள். கண்ணாடியை வெள்ளியின் மேல் உருக்கும் அறிவு அவர்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவே. ஆகவே அறிவு ஒரு வழியில் வந்தது, பொருள் வேறு வழியில் வந்தது. இரண்டும் சந்தித்த இடங்களில்தான் இந்த நகைகள் உருவாயின.

இனி, மணியை ஏன் இடிக்க வேண்டும் என்ற உங்கள் கேள்வி. எனாமலில் கடினமான பகுதி நிறக் கண்ணாடியைத் தயாரிப்பது. மணலையும் காரச் சாம்பலையும் ஈயத்தையும் உலோக ஆக்சைடுகளையும் சரியான அளவில் கலந்து, பல மணி நேரம் உயர்ந்த வெப்பத்தில் உருக்கினால்தான் தெளிந்த நிறக் கண்ணாடி கிடைக்கும். அதற்குக் கண்ணாடி உலை வேண்டும்; மலையூரில் ஓர் ஊதுகுழலும் கரியடுப்பும் வைத்திருக்கும் கொல்லரால் அது முடியாது. வெனிஸை அடுத்த முரானோ தீவின் கண்ணாடி உலைகள் செய்து முடித்த அந்த வேலை, ஒரே நிறத்தில், சிறு சிறு மணிகளாக, மலிவாக, சந்தைக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. அரைப்பதற்கும் எளிது, நிறம் பிரிப்பதற்கும் எளிது. அந்த மணிகள் செய்யப்பட்ட விதமும் இதற்குத் துணைசெய்தது: உருகிய நிறக் கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை மழுக்குவார்கள். அதனால் ஒரு கோவையில் உள்ள ஆயிரக்கணக்கான மணிகளும் ஒரே உருக்கிலிருந்து வந்தவையாக இருக்கும். நிறத்தில் ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு. ஒரு பெரிய உடை ஊசியின் நீலப் பரப்பு முழுவதும் ஒரே நீலமாக வர வேண்டும் என்று நினைக்கும் கொல்லருக்கு இது சிறிய வசதி அல்ல.

வெண்காரம் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. மீனா வேலை (எனாமல் வேலைக்கு நம் நாட்டுப் பெயர்) செய்கிறவன் என்ற முறையில், "பாசியை இடித்தார்கள், இட்டார்கள், சுட்டார்கள்" என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

சுத்த வெள்ளி உருகுவது சுமார் 962 டிகிரி செல்சியஸில். கபிலியக் கொல்லர்களுக்குச் சுத்த வெள்ளி எங்கே கிடைத்தது? அவர்கள் பெரும்பாலும் நாணயங்களை உருக்கினார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தின் ஐந்து பிராங்க் வெள்ளி நாணயத்தில் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்குதான் வெள்ளி, மீதி செம்பு. இந்தக் கலவை 780 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். கம்பிகளைப் பிடித்திருக்கும் பற்று அதற்கும் முன்பே உருகும். ஆகவே எனாமல் அதற்குக் கீழேயே உருகிப் பரவியாக வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி பரவுவதற்குள் கம்பி வேலை முழுவதும் குலைந்து கட்டியாகிவிடும்.

பாசிமணிகளில் பல, சோடாவும் சுண்ணாம்பும் கலந்த கண்ணாடி. அதைச் சன்னமாக அரைத்தால் 700க்கு மேல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் பளபளப்பான பரப்பாக ஓட வேண்டுமானால் 800ஐத் தாண்ட வேண்டியிருக்கும். நாணய வெள்ளி அதைத் தாங்காது. ஈயம் மிகுந்த கண்ணாடி இதற்கு நேர்மாறு. குறைந்த வெப்பத்திலேயே நன்றாக ஓடும். வெனிஸ் முறையில் செய்த ஒளிபுகா மஞ்சள் கண்ணாடியில் நிறம் தருவதே ஈயமும் வெள்ளீயமும், அல்லது ஈயமும் ஆன்டிமனியும் சேர்ந்த கூட்டுப்பொருள்தான். எனவே அதில் இயல்பாகவே ஈயம் அதிகம். மஞ்சள் மணியை இடித்து அப்படியே இடலாம் என்று நம்புகிறேன். நீல மணியை அப்படி இட முடியாது. அதோடு வெண்காரம் என்னும் போராக்ஸோ ஈயக் கண்ணாடித் தூளோ சேர்த்து இளக்கியிருக்க வேண்டும். ஆகவே பாசி என்பது முழு எனாமல் அல்ல, நிறப்பொருள் என்றே கொள்ள வேண்டும். இந்த வேறுபாட்டை எழுதுகிறவர்கள் கவனிப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

இன்னொரு சிக்கல், விரிவும் சுருக்கமும். சூட்டில் வெள்ளி விரியும் அளவு, சாதாரணக் கண்ணாடி விரியும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆறும்போது வெள்ளி அதிகம் சுருங்கும், கண்ணாடி குறைவாகச் சுருங்கும்; பரப்பு பெரிதானால் எனாமல் விரிசல் விட்டு உதிரும், அல்லது தகடு வளைந்துவிடும். கபிலிய வேலையில் அறைகள் அவ்வளவு சிறியவையாக இருப்பதற்கு அழகு மட்டுமே காரணம் என்று நினைக்கிறீர்களா? கம்பி ஒவ்வொரு சிறு பரப்பையும் தனித்தனியே அணைத்துப் பிடிக்கிறது. பெரிய வட்ட உடை ஊசிகளில் பின்பக்கமும் எனாமல் இட்டிருப்பதை அருங்காட்சியகப் படங்களில் காணலாம். அணியும்போது உடலோடு ஒட்டி மறையும் பக்கத்துக்கு எதற்கு அத்தனை வேலை என்று தோன்றும். இருபக்கமும் எனாமல் இருந்தால் இழுவிசை சமமாகித் தகடு வளையாது என்பது எங்கள் பட்டறைகளிலும் அறிந்த உண்மை.

சிவப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பாசியைக் குறை சொல்ல வேண்டாம். சிவப்புப் பாசி சந்தையில் தாராளமாகவே கிடைத்தது. குறை வெள்ளியில் இருக்கிறது. ஒளிபுகும் சிவப்பு எனாமலை நேரடியாக வெள்ளியின் மேல் இட்டுச் சுட்டால், வெள்ளி சிறிது கண்ணாடிக்குள் ஊடுருவி மஞ்சளைக் கிளப்பும். சிவப்பு பழுப்பாகவோ அழுக்கான செம்மஞ்சளாகவோ மாறிவிடும். அடியில் நிறமற்ற எனாமல் ஒரு படலம் இட்டுத்தான் அதைத் தவிர்க்க முடியும். கோபால்ட் நீலத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாறாக, அடியில் உள்ள வெள்ளி ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அந்த நீலம் உள்ளிருந்து எரிவதுபோல் தெரியும். பக்கத்திலேயே நல்ல பவளம் கிடைக்கும்போது, சிவப்பு எனாமலோடு மல்லுக்கட்ட எந்தக் கொல்லருக்குத் தோன்றும்?

பவளத்தை எப்போதும் கடைசியில்தான் பதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சுண்ணப் பொருள். எனாமல் சுடும் சூட்டில் நிறமிழந்து நீறிவிடும். ஆகவே பவளக் குழிகளை முதலிலேயே உயர்த்திக் கட்டி, காலியாக விட்டு, எனாமல் சுட்டு ஆறிய பிறகே பவளத்தைப் பதிப்பார்கள்.

மரகதப்பச்சை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வெண்காரம் ஐயா, ஓர் ஐயம். ஆத் யென்னி கொல்லர்கள் பயன்படுத்தும் எனாமல் பற்றி நான் பார்த்த விவரங்களில், நீலத்துக்குக் கோபால்ட் ஆக்சைடு, ஒளிபுகும் கரும்பச்சைக்குக் குரோமிய ஆக்சைடு, ஒளிபுகா இளம்பச்சைக்குச் செம்பு ஆக்சைடு, மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் என்று கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் பாசிக்கு அங்கே இடமே இல்லையா? அல்லது இந்தக் கலவை பிற்காலத்தியதா?

வெண்காரம் எழுதியது:

அந்தப் பட்டியலிலேயே உங்கள் விடை இருக்கிறது. குரோமியத்தை வோக்லாங் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டறிந்தது 1797இல். ஆகவே குரோமியம் கலந்த பச்சையும் ஈயக் குரோமேட் மஞ்சளும் 19ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட நகையில் இருக்க வாய்ப்பே இல்லை. நீங்கள் பார்த்தது, தொழிற்சாலையில் தயாரித்த ஆக்சைடுகளும் எனாமல் பொடிகளும் கடையில் கிடைக்கத் தொடங்கிய காலத்தின் கலவை. கபிலியாவைப் பிரெஞ்சுப் படை முழுமையாக அடக்கியது 1857இல். அதற்குப் பிறகு அல்ஜியர்ஸ் வழியாகப் பிரான்சின் சரக்கு மலைக்கு வருவது எளிதாயிற்று. அதற்கு முன்னும் மூன்று நூற்றாண்டுகளாக எனாமல் இட்டுக்கொண்டிருந்தார்கள் என்றால், அந்த நிறம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் அல்லவா? பாசிக்கான இடம் அந்தக் காலத்தில்தான்.

லா ஷப்பேல் வாசி எழுதியது:

பாரிஸில் வசிப்பவன் என்பதால் இந்தப் பேச்சில் எனக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலிலிருந்து நடந்து போகும் தொலைவில் பார்பெஸ் இருக்கிறது. அங்கே கபிலியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. திருமணங்களில் அவர்கள் அணியும் வெள்ளியை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது அருங்காட்சியகப் பொருள் அல்ல. தப்ஸிம்த் என்ற பெரிய வட்ட அணியை ஆண் குழந்தை பெற்ற தாய் நெற்றியில் அணிவது வழக்கமாக இருந்தது. அதைப் பார்த்த ஊரார், கேட்காமலேயே செய்தியைத் தெரிந்துகொள்வார்கள்.

மொராக்கோவைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் அதைத் தொடுகிறேன். கபிலியாவையும் ஆன்டி அட்லஸையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடாது என்பது என் கருத்து. கபிலியாவில் நீலம் அரசாள்கிறது; ஆன்டி அட்லஸில், குறிப்பாக இதா ஊ செம்லால் பகுதி வேலையில், மஞ்சளும் பச்சையும் முன்னால் நிற்கின்றன. அங்கே தகெமுத் என்று அழைக்கப்படும் முட்டை வடிவ வெள்ளி மணிகளைச் செய்தார்கள். உள்ளே வெற்றிடம், மேலே கம்பி வேலை, அறைகளில் எனாமல். அவற்றைப் பவளம், அமேசானைட் என்ற பச்சைக் கல், நாணயங்கள், ஐரோப்பியக் கண்ணாடி மணிகள் ஆகியவற்றோடு சேர்த்து ஒரே கழுத்தணியாகக் கோப்பார்கள். பாசிமணிகள் எனாமலின் தோற்றத்தையும் பாதித்தன என்று சொல்வதற்கு எனக்கு இடம் கொடுப்பது இந்தக் கழுத்தணிதான். பல நிறப் பூக்கள் பதித்த வெனிஸ் மணியும் பல நிற அறைகள் கொண்ட தகெமுத்தும் ஒரே கயிற்றில் அடுத்தடுத்து நிற்கும்போது, கொல்லர் எதைப் பார்த்து எதைச் செய்தார் என்பது ஊகத்துக்குரியதே; ஆனால் அணியும் பெண்ணின் கண்ணுக்கு இரண்டும் ஒரே இனத்துப் பொருள்கள். கபிலியாவின் தட்டையான உடை ஊசிகளைப் பற்றி இப்படிச் சொல்ல நான் துணியமாட்டேன்.

சரக்கு வந்த வழியும் வேறு. 1760களில் சுல்தான் சீதி முகமது பின் அப்துல்லா கட்டிய எஸ்ஸவீரா, ஐரோப்பியர் வழக்கில் மொகதோர், தென் மொராக்கோவின் முதன்மைத் துறைமுகமாயிற்று. அங்கே சுல்தானின் ஆதரவு பெற்ற யூத வணிகர்கள் ஐரோப்பியச் சரக்கை இறக்கினார்கள். மலையூர்களில் இருந்த யூதக் கொல்லர்கள் அதே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மணி விற்றவருக்கும் மணியை இடித்தவருக்கும் இடையே தொலைவு அதிகம் இருந்திருக்காது. 1950களிலும் 60களிலும் அந்த யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் குடிபெயர்ந்தபோது இந்தத் தொழிலின் பெரும்பகுதி அவர்களோடு போயிற்று. இன்று ஆன்டி அட்லஸை அடுத்த டிஸ்னிட் நகரின் கடைத்தெருவில் எனாமல் என்று விற்பதில் கணிசமானது, சுடாமல் வெறும் நிறப் பிசினை நிரப்பி உலர்த்தியது.

கண்ணாடியை இடிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மணியைத் தூளாக்கி மறுபடி உருக்கும் பழக்கத்துக்கு நேரடியாகப் பதிவான சான்று வேண்டுமானால் சற்றுத் தெற்கே, மவுரித்தானியாவுக்குப் போக வேண்டும். கிஃபா நகரத்தின் பெயரால் வழங்கும் கிஃபா மணிகளை அங்குள்ள பெண்கள் செய்தார்கள். ஐரோப்பிய மணிகளையும் புட்டிக் கண்ணாடியையும் சன்னமாக இடித்து, உமிழ்நீரோ கருவேலம் பிசின் கரைசலோ சேர்த்துக் குழைத்து, மணியின் உடல் மேல் ஊசிமுனையால் கோடு கோடாக நிறம் வைத்து, மத்தி மீன் தகர டப்பாவில் இட்டுக் கரி நெருப்பில் சுட்டார்கள். 1949இல் பிரெஞ்சு ஆய்வாளர் ரேமோன் மோனி இதை முதலில் பதிவு செய்தார். அங்கே வெள்ளியும் இல்லை, கம்பி அறையும் இல்லை. இருந்தாலும் எனாமல்காரரின் அதே மூன்று செயல்கள்: நிறத்தைப் பிரித்தல், இடித்தல், குறைந்த நெருப்பில் உருக்குதல். உலை இல்லாத இடத்தில் வணிக மணிதான் கண்ணாடிச் சுரங்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

புகார்க்கரை எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன், அருமை. அரிக்கமேட்டுப் பாசிகள் வட ஆப்பிரிக்காவுக்குச் சென்றனவே, அவற்றுக்கும் இந்த எனாமலுக்கும் தொடர்பு இருக்க முடியாதா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆசை புரிகிறது, புகார்க்கரை, ஆனால் இல்லை. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்த சிறு பாசிமணிகள் அகழாய்வில் கிடைத்திருப்பது உண்மை. ஆனால் அந்தத் துறைமுகம் 6ஆம் நூற்றாண்டுக்குள் கைவிடப்பட்டுவிட்டது. கபிலிய எனாமலுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளும் ஒரு கண்டத்தின் அகலமும் இருக்கின்றன.

தமிழ்நாட்டோடு உண்மையான தொடர்பு வேண்டுமானால் பாசியை விட்டுவிட்டுப் பவளத்தைப் பிடியுங்கள். இந்த நகைகளின் சிவப்பைத் தந்த பவளம், அல்ஜீரியாவின் எல் காலா, துனீசியாவின் தபர்கா ஆகிய கரைகளை ஒட்டிய கடலில் எடுக்கப்பட்டது. தபர்கா தீவை 1540களிலிருந்து 1740களின் தொடக்கம் வரை இத்தாலிய நகரமான ஜெனோவாவின் லொமெல்லினி குடும்பத்தினர் பவளக் குளிப்புக்காகவே வைத்திருந்தார்கள். மேற்கு மத்தியதரைக் கடலில் எடுத்த பவளத்தின் ஒரு பகுதி இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் மெருகேறி, லண்டன் வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் சென்னைக்கு வந்தது. அதற்கு மாற்றாக இங்கிருந்து வைரம் போயிற்று. அந்த வணிகத்தை நடத்திய யூத வணிகர்களின் நினைவாகத்தான் மண்ணடியில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. கபிலியப் பெண்ணின் நெற்றியில் இருந்ததும் தமிழ்ப் பெண்ணின் பவள மாலையில் இருந்ததும் ஒரே கடலின் பவளமாக இருந்திருக்கலாம்.

மரகதப்பச்சைக்கு ஒரு வேண்டுகோள்: கட்டுரையில் "கபிலியர்கள் பாசியை இடித்தார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். எந்த வட்டாரம், எந்த நூற்றாண்டு என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மரகதப்பச்சை எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. கடைசியாக ஒரு கேள்வி. ஒரு குறிப்பிட்ட நகையைக் கையில் எடுத்தால், அதன் எனாமல் இடித்த மணியிலிருந்து வந்ததா, கடையில் வாங்கிய பொடியா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

வெண்காரம் எழுதியது:

கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, சந்தேகப்பட முடியும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை வைத்து, அறையின் ஓரங்களைப் பாருங்கள். உரலில் இடித்த கண்ணாடியில் துகள் அளவு சீராக இருக்காது. முழுதாக உருகாத மணல் போன்ற துணுக்குகள், ஒரே அறைக்குள் சற்றே வேறுபடும் இரண்டு நீலங்கள், நிறையக் காற்றுக் குமிழிகள் ஆகியவை தெரியலாம். தொழிற்சாலைப் பொடி இட்ட வேலையில் நிறம் ஒரே சீராகப் பரவியிருக்கும். ஆனால் கைதேர்ந்த கொல்லர் மணித் தூளையும் நன்றாக அரைத்து, நீரில் அலசி, கலங்கலை வடித்துவிட்டு இட்டிருப்பார். அப்போது இந்த வேறுபாடு தெரியாது. திறமை குறைந்தவரின் வேலைதான் ஆய்வாளருக்கு அதிகம் பேசும்.

புறஊதா விளக்கையும் பயன்படுத்தலாம். 1830களிலிருந்து பொஹீமியாவில் யுரேனியம் கலந்த மஞ்சள், பச்சைக் கண்ணாடியைச் செய்தார்கள். அது புறஊதா ஒளியில் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். எனாமல் அப்படி ஒளிர்ந்தால் அந்தக் கண்ணாடி 19ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதல்ல என்பது மட்டும் உறுதி. அது மணியாக வந்ததா வேறு பொருளாக வந்ததா என்பதை விளக்கு சொல்லாது.

சரியான வழி, நகையைச் சேதப்படுத்தாமல் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியால் அதிலுள்ள தனிமங்களை அளப்பதுதான். பச்சையில் குரோமியம் இருக்கிறதா, மஞ்சளில் வெள்ளீயமா ஆன்டிமனியா குரோமியமா என்று பாருங்கள். அதே காலத்து, அதே வட்டாரத்துக் கழுத்தணியில் கோத்திருக்கும் கண்ணாடி மணிகளையும் அதே கருவியால் அளந்து ஒப்பிடுங்கள். மணியிலும் எனாமலிலும் நிறம் தரும் தனிமங்களும் அவற்றோடு ஒட்டி வரும் சிறு கலப்புகளும் ஒத்துப்போய், எனாமலில் ஈயம் மட்டும் கூடுதலாக இருந்தால், மணித் தூளோடு இளக்குப்பொருள் சேர்த்திருக்கிறார்கள் என்று ஓரளவு துணிந்து எழுதலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வெண்காரத்தில் உள்ள போரானை அந்தக் கருவியால் காண முடியாது. வெண்காரம் சேர்த்து இளக்கியிருந்தால் அது அளவீட்டில் சிக்காமல் போய்விடும்.

பவளத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 20ஆம் நூற்றாண்டு வேலையில் பல வேளைகளில் பவளத்துக்குப் பதிலாகச் செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக்கைப் பதித்திருப்பார்கள். சூடான ஊசியால் தொட்டால் கற்பூர வாசனை வரும் என்று சிலர் சொல்லித்தருவார்கள். அருங்காட்சியகப் பொருளிடம் அந்த வேலையைச் செய்துவிடாதீர்கள், பெருக்குக் கண்ணாடியே போதும். பவளத்தின் மேல் இயற்கையான மெல்லிய வரிகள் தெரியும், செல்லுலாய்டில் அவை இருக்காது. பவளம் போலி என்பதால் எனாமலும் புதியது என்று முடிவு கட்ட வேண்டாம். உடைந்த பவளத்தை மாற்றுவது எளிது, உதிர்ந்த எனாமலை மாற்ற மறுபடியும் நெருப்பில் வைக்க வேண்டும்.